பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவில் வயலினோடு சேர்வது எப்படி?

பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்களில் வயலின் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி என்ற மேற்கத்திய இசைத் தேர்வுகள் எழுதி ஆறாம் கிரேடு, எட்டாம் கிரேடு வரை வந்தவர்கள் ஒரு பக்கம். வர்ணம், கீர்த்தனை என்று கர்நாடக சங்கீதத்தில் வருடக்கணக்கில் சாதகம் செய்தவர்கள் இன்னொரு பக்கம். விமானம் ஏறும்போது இவர்களில் பலர் வயலினைப் பரணில் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். படிப்புக்கே நேரம் போதாது என்பார்கள். அங்கே இருப்பவர்களெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஆர்கெஸ்ட்ராவில் ஊறியவர்கள், நமக்கு அந்த அளவுக்கு வராது என்பார்கள். தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வயலின் பிரிவு என்றால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள். அங்கே தேவைப்படுவது பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டி வாசிக்கிற ஆள். நோட்டை, அதாவது இசை எழுதிய தாளை, பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும், தாளம் பிசகக் கூடாது, வில் மற்றவர்களோடு ஒரே திசையில் போக வேண்டும், காது திறந்திருக்க வேண்டும். மின்னல் வேக விரல்கள் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது வரிசையில் கடைசியாக வருவது. கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் பல இடங்களில் ஆர்கெஸ்ட்ராவை ஒரு பாடமாகவே பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும், கிரெடிட்டும் உண்டு. மற்றபடி ஒத்திகை அறைக்குள் நடப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

எந்த ஆர்கெஸ்ட்ரா?

இசை படிப்பவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இசைத்துறையே கிடையாது. ஆனாலும் அங்கே முழு அளவிலான சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, பொறியியலும் மருத்துவமும் இயற்பியலும் படிக்கிறவர்கள்தான் வாசிக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் பல்கலைக்கழக இசைச் சங்கம் 1843இல் தொடங்கியது. பெரும்பாலான ஊர்களில் ஆர்கெஸ்ட்ரா என்பது இப்படி மாணவர்களே நடத்தும் சங்கம்தான். கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கையசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர், வெளியிலிருந்து வரும் தொழில்முறைக் கலைஞராக இருக்கலாம், மாணவராகவும் இருக்கலாம். உறுப்பினர் சந்தா உண்டு. நோட்டு வாடகை, அரங்க வாடகை எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

நடுத்தர அளவுப் பல்கலைக்கழகத்தில்கூட ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இருப்பது வழக்கம். முதன்மை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் ஆடிஷன் வைப்பார்கள். 'சின்ஃபோனியா', 'கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா' என்பது போன்ற பெயர்களில் இரண்டாவது ஒன்று இருக்கும், அதில் பெரும்பாலும் கெடுபிடி குறைவு, சில இடங்களில் ஆடிஷனே இருக்காது. தந்திக் கருவிகள் மட்டும் உள்ள ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா தனியாக இருக்கலாம். எது உங்களுக்குச் சரிப்படும் என்று தெரிந்துகொள்ள, கடந்த இரண்டு வருடங்களில் என்னென்ன வாசித்தார்கள் என்று பாருங்கள். மாலர், ஷோஸ்டகோவிச், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்று வரிசையாக இருந்தால் வயலின் பகுதிகள் கடினமானவை, போட்டியும் பலமாக இருக்கும். ஹெய்டன், ஷூபர்ட், பீத்தோவன் என்று இருந்தால், அவையும் எளிதல்ல என்றாலும், எட்டாம் கிரேடு அளவில் உழைத்தால் எட்டிப் பிடிக்கலாம்.

ஒத்திகை எந்த நாள் மாலை என்பதை முதலிலேயே பாருங்கள். வாரம் ஒரு மாலை இரண்டரை மூன்று மணி நேரம், கச்சேரி நெருங்கும்போது சனி ஞாயிறில் கூடுதலாக ஒரு நாள் என்பது பொதுவான நடைமுறை. அந்த மாலையில் உங்களுக்கு லேப் இருந்தால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பயனில்லை. ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் புது மாணவர்களுக்கான ஃப்ரெஷர்ஸ் வாரம், அதையடுத்து ஓரிரு வாரத்துக்குள் ஆடிஷன் முடிந்துவிடும். 'முதலில் ஊர் பழகட்டும், ஜனவரியில் பார்க்கலாம்' என்றால் அப்போது இடம் காலியாக இருந்தால்தான் உண்டு. ஆகஸ்டிலேயே சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் யார், என்ன வாசிக்கிறீர்கள், எந்த அளவில் வாசிக்கிறீர்கள், ஆடிஷன் எப்போது என்று நாலு வரி போதும்.

கருவியைத் தயார்படுத்துவது

வயலின் பெட்டி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளம். விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாகச் சொல்லும் 55 சென்டிமீட்டர் அளவை அது தாண்டிவிடும். பல நிறுவனங்கள் வயலினைக் கைப்பையாக அனுமதிக்கின்றன, ஆனால் டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சரக்கில் போடாதீர்கள். வில்லின் மயிரைத் தளர்த்துங்கள். தந்திகளை ஓரளவு தளர்த்தினால் போதும், முழுக்கத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சியும் விழுந்துவிடலாம். அதைத் திரும்ப நிறுத்துவது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

நம் ஊர்க் காற்றிலேயே பழகிய மரத்துக்கு அந்த ஊர்க் குளிர்காலம் பெரிய சோதனை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தாலும் ஹீட்டர் ஓடும் அறைக்குள் காற்று காய்ந்து கிடக்கும். மரம் ஈரம் இழந்து சுருங்கும். முதலில் தந்தியை முறுக்கும் பிருடைகள் பிடி விட்டுச் சுழலும், காலையில் பெட்டியைத் திறந்தால் நாலு தந்தியும் தொளதொளவென்று கிடக்கும். இன்னும் காய்ந்தால் மேல்பலகையில் வெடிப்பு விழும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் கருவிக்குப் பாதுகாப்பு. பெட்டிக்குள் வைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்றும், ஈரம் விடும் குழாயோ பையோ ஒன்றும் வாங்கி வையுங்கள். ரேடியேட்டர் பக்கத்தில் வயலினை வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.

செல்லோ வாசிப்பவர்கள் விமானத்தில் கருவிக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். அதனால் சங்கத்திடமோ இசைத்துறையிடமோ இரவல் கருவி இருக்கிறதா என்று கேட்பது நல்லது. வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு. டபுள் பாஸ் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும், உங்கள் வில்லை மட்டும் கொண்டுபோனால் போதும்.

வயோலா பக்கம் ஒரு பார்வை

வயலின் வாசிப்பவர்கள் எங்கும் அதிகம். வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வயோலாவை வாசிப்பவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. முதன்மை ஆர்கெஸ்ட்ராவின் வயலின் ஆடிஷனில் இடம் கிடைக்குமா என்று சந்தேகமாக இருந்தால், வயோலாவுக்கு மாறுவதைப் பற்றி உண்மையாகவே யோசியுங்கள். பல சங்கங்களிடம் இரவல் வயோலா இருக்கும்.

வயோலாவின் தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. நோட்டு ஆல்டோ கிளெஃபில் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறிதான் கிளெஃப்) இருக்கும், அதில் நடுக்கோடுதான் நடு சி. இந்தக் கிளெஃபைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வயலின்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நோட்டை வழக்கமான ட்ரெபிள் கிளெஃப் என்றே நினைத்துக்கொண்டு, மூன்றாம் பொசிஷனில் (பொசிஷன் என்பது கழுத்தில் இடது கை நிற்கும் இடம்) எந்தத் தந்தியில் எந்த விரல் வருமோ அதே தந்தி வரிசையில் அதே விரலை, கையை முதல் பொசிஷனில் வைத்துப் போடுங்கள். சரியான ஸ்வரம் வந்துவிடும். ஷார்ப், ஃபிளாட் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை ஊன்றுகோலாக வைத்துத் தொடங்கி, ஒரு டெர்ம் (பருவம்) முடிவதற்குள் கிளெஃபை நேராகவே படிக்கப் பழகிவிடுங்கள்.

வயோலாவுக்கு மெலடி அடிக்கடி வராது, உண்மைதான். ஆனால் மொசார்ட்டின் 40ஆவது சிம்பொனி தொடங்குவதே வயோலாக்கள் இரண்டாகப் பிரிந்து வாசிக்கும் மெல்லிய சலசலப்பில்தான். அதன் மேல்தான் வயலின்கள் வந்து உட்காருகின்றன. உள்ளே உட்கார்ந்து அதை வாசிக்கும் சந்தோஷம் தனி.

கர்நாடக சங்கீதத்திலிருந்து வருகிறவர்களுக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் எளிதில் கிடைப்பதில்லை.

உங்களிடம் இரண்டு பெரிய பலங்கள் இருக்கின்றன. ஒன்று, காது. ஸ்ருதி சுத்தத்துக்காக வருடக்கணக்கில் திட்டு வாங்கிய காது அங்கே உடனே வேலைக்கு ஆகும். இரண்டு, தாளம். சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் இரண்டாம் பகுதி 5/4இல் போகிறது, இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து. மூன்றிலும் நான்கிலும் மட்டுமே வளர்ந்தவர்கள் முதல் தடவை அதில் தடுமாறுவார்கள். கண்ட சாபு தட்டிப் பழகிய கைக்கு அது சொந்த வீடு.

மாற்ற வேண்டியவற்றில் முதலில் தந்தி. நாம் ஸ-ப-ஸ-ப என்று பாடகர் ஸ்ருதிக்கு இறக்கிக் கட்டுகிறோம். அங்கே ஜி, டி, ஏ, இ, அதுவும் ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ், இம்மி நகராது. இறக்கிக் கட்டிய பழைய தந்திகளையே முறுக்கி ஏற்றினால் அறுந்துவிட வாய்ப்பு அதிகம். மேற்கத்திய செட் ஒன்றைப் புதிதாகப் போடுங்கள். ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் போட்டு, பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். விரலுக்கு எண்ணெய் தடவும் பழக்கத்தை நிறுத்த வேண்டியிருக்கும். எண்ணெய் வில்லின் மயிரில் பட்டுவிட்டால் அதில் தேய்க்கும் ரோஸின் பிடிக்காது.

அடுத்து, உட்காரும் விதம். சுருளைக் காலில் ஊன்றியிருக்கும்போது வயலினைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை, கை ஓடிக்கொண்டே இருக்கலாம். நாற்காலியில் அந்த வேலை தோளுக்கும் தாடைக்கும் போகிறது. ஷோல்டர் ரெஸ்ட் ஒன்று வாங்கி, உங்கள் கழுத்து உயரத்துக்குச் சரிசெய்து, கிளம்புவதற்கு மூன்று நாலு மாதம் முன்பே தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள். இடது கை வயலினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் பொசிஷன் மாற முடியாது, கட்டைவிரலும் நோகும். சுண்டுவிரலையும் வேலைக்கு இழுக்க வேண்டும். நம் வாசிப்பில் அதிகம் உழைப்பது முதலிரண்டு விரல்கள். அங்கே நாலு விரலும் சமமாக ஓட வேண்டும்.

பிறகு, ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன். உண்மையான மலை இதுதான், வேறெதுவும் இல்லை. நமக்கு ஸ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அங்கே ஒவ்வொரு கோடும் ஒரு குறிப்பிட்ட இடத்தைத்தான் காட்டும். ஆனால் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். அதையே ஜி, டி, ஏ மூன்று இடங்களிலும் ஸ வைத்து, கமகம் இல்லாமல், நோட்டைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மெலோடிக் மைனரின் ஆரோகணம் கௌரிமனோகரி, அவரோகணம் நடபைரவி. ராகமாகத் தெரிந்ததைக் கண்ணுக்கும் தெரியவைப்பதுதான் வேலை. தினமும் இதுவரை பார்க்காத ஒரு எளிய பக்கத்தைத் திறந்து, மெதுவாக, நிற்காமல் கடைசிவரை வாசியுங்கள். தப்பினாலும் நிற்காதீர்கள். நாலு மாதம் விடாமல் செய்தால் இரண்டாவது ஆர்கெஸ்ட்ராவில் உட்காரும் அளவுக்கு வந்துவிடலாம்.

கமகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிப் போகும் பழக்கம் நம் கையிலேயே இருக்கிறது. பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். விரலை நேராக இடத்தில் வைத்துப் பழகுங்கள். வைப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிரவைப்பது) வேண்டுமானால் மெலிதாக, சுற்றி உள்ளவர்கள் அளவுக்கு.

ஆடிஷன்

வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு பகுதி, முன்கூட்டியே அனுப்பிய ஆர்கெஸ்ட்ரா எக்செர்ப்ட் (படைப்பிலிருந்து எடுத்த சிறு பகுதி) ஒன்றிரண்டு, சைட் ரீடிங் (முன்பு பார்க்காத நோட்டை அங்கேயே வாசிப்பது). சில இடங்களில் ஸ்கேலும் கேட்பார்கள். அந்தப் பிரிவை முன்னின்று நடத்தும் வாத்தியக்காரரான பிரின்சிபல், கமிட்டி மாணவர் ஒருவர், சில சமயம் கண்டக்டர் ஆகியோர் கேட்பார்கள். பியானோ பக்கவாத்தியம் பெரும்பாலும் தேவைப்படாது.

சொந்தப் பகுதிக்கு, காய்ச்சலோடு எழுந்து வந்தாலும் கைகொடுக்கக் கூடிய ஒன்றை எடுங்கள். உங்கள் திறமையின் எல்லையில் இருக்கும் கான்செர்ட்டோவைவிட, ஒரு படி கீழே உள்ள பாட்டை நல்ல ஒலியோடு, சுத்தமாக, தாளம் பிசகாமல் வாசிப்பது மேல். நடுவில் நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது, தேவையானதைக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். "இதையே இன்னும் மெல்லிய ஒலியில் வாசியுங்கள்", "வில்லின் நுனியில் வாசித்துப் பாருங்கள்" என்று கேட்டால், மாற்றம் தெளிவாகக் கேட்கும்படி செய்யுங்கள். ஒத்திகையில் சொன்னதைச் செய்வாரா இவர் என்பதைத்தான் அப்போது சோதிக்கிறார்கள்.

எக்செர்ப்ட்தான் முடிவைத் தீர்மானிப்பது. பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம், உலகத்துக்கே தெரியும். நோட்டைப் பார்த்தால் முதலில் இருப்பது ஸ்வரமே இல்லை, ஒரு க்வேவர் ஓய்வு, அதாவது ஒரு குட்டை ஸ்வரத்தின் அளவுக்கு மௌனம். 2/4 தாளம், அடி விழுந்த பிறகு அரை இடம் தள்ளித்தான் எடுப்பு. நம் பாஷையில் சொன்னால் அனாகத எடுப்பு. பீத்தோவன் கொடுத்த வேகம் நிமிடத்துக்கு 108 மினிம், அதாவது ஒரு முழு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஒரே அடி. கண்டக்டர் கை இறங்கும்போது சத்தமே இல்லை. அந்த வெறுமையை உள்ளுக்குள் அழுத்தமாக உணர்ந்தால்தான் மூன்று ஸ்வரங்களும் சமமாக விழும். உணராவிட்டால் அவை மூன்றும் ட்ரிப்லெட் போல, திஸ்ர நடையில் உருண்டுவிடும். கேட்பவருக்கு அந்த ஒரு நொடியிலேயே உங்கள் தாளம் தெரிந்துபோகும். அதனால் மெட்ரோநோமைப் பாருக்கு ஓர் அடியாக, முதலில் 70இல் வைத்து, அடியை வாயால் "தா" என்று சொல்லி, அதற்குப் பிறகு மூன்று ஸ்வரங்களை வாசித்துப் பழகுங்கள். வேகத்தைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

எந்த எக்செர்ப்ட் வந்தாலும் முழுப் படைப்பையும் நோட்டைப் பார்த்தபடியே பல முறை கேளுங்கள். உங்கள் வரி ஓடும்போது புல்லாங்குழல் என்ன செய்கிறது, பாஸ் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் தனியே வாசிக்கும்போதும் வேகம் ஆடாது. காப்புரிமை முடிந்த படைப்புகளின் நோட்டுகள் ஐஎம்எஸ்எல்பி இணையநூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

சைட் ரீடிங்குக்கு நோட்டைக் கொடுத்ததும் வில்லை எடுத்துவிடாதீர்கள். அரை நிமிடம் தருவார்கள். கீ என்ன, தாளம் என்ன, எந்த இடத்தில் கறுப்பு அதிகம் என்று பாருங்கள். அந்தக் கறுப்பான இடத்தை எந்த வேகத்தில் வாசிக்க முடியுமோ அதுதான் மொத்தத்துக்கும் உங்கள் வேகம். ஆரம்பித்துவிட்டால் நிற்கவும் கூடாது, தப்பியதைத் திரும்பிப் போய்த் திருத்தவும் கூடாது. ஸ்வரம் ஒன்றிரண்டு தப்பி, தாளம் நின்றால் இடம் உண்டு. ஸ்வரமெல்லாம் சரியாகி, தாளம் உடைந்தால் கஷ்டம்.

முடிவு மின்னஞ்சலில் வரும். இரண்டு வயலின் பிரிவுகளில் இரண்டாம் வயலினில் போட்டிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டாம் வயலின் தரத்தில் இரண்டாவது கிடையாது, அது வேறொரு வேலை. ஹார்மோனியின் நடுப்பகுதியைத் தாங்குவது, எதிரடியில் விழும் ஸ்வரங்களை அசையாமல் வாசிப்பது, மற்றவர்கள் கவனிக்காதபோதும் ஓட்டத்தை விடாமல் பிடித்திருப்பது. ஆர்கெஸ்ட்ரா வாசிப்பைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இருக்கை எனக்குத் தெரியாது. இடமே கிடைக்கவில்லையா? இரண்டாவது ஆர்கெஸ்ட்ராவில் சேருங்கள், முதன்மைக் குழுவின் ரிசர்வ் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள். கச்சேரிக்கு முன் ஆள் குறைவது சகஜம், அப்போது கூப்பிடுவார்கள்.

முதல் ஒத்திகை

கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பையில் 2பி பென்சில், அழிப்பான், ரோஸின், ஒலியைக் குறைக்கத் தந்தியிலேயே மாட்டி நகர்த்தும் ரப்பர் ம்யூட், மாற்றுத் தந்தி ஒரு செட். பேனா கூடவே கூடாது. நோட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு வந்தவை, திருப்பிக் கொடுக்கும் முன் அழிக்க வேண்டும்.

இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. பார்வையாளர் பக்கம் உட்காருபவர் வெளியாள், மற்றவர் உள்ளாள். நோட்டில் 'டிவிசி' என்று வந்து வரி இரண்டாகப் பிரிந்தால் மேல் ஸ்வரம் வெளியாளுக்கு, கீழ் ஸ்வரம் உள்ளாளுக்கு. பக்கம் திருப்புவது உள்ளாளின் பொறுப்பு. அதிலும் ஒரு நயம் இருக்கிறது. ஒத்திகைக்கு முன்பே வலது கீழ்மூலையை லேசாக மேலே மடக்கி வைத்திருப்பார். பக்கம் முடிய இரண்டு பார் இருக்கும்போது வாசிப்பதை நிறுத்தி, வில்லோடு கையை நீட்டி மூலையைப் பிடிப்பார். வெளியாள் விடாமல் வாசித்துக்கொண்டே கண்ணால் கடைசி பாரை முன்கூட்டியே விழுங்கிக்கொள்வார். காகிதம் சத்தம் போடாமல் ஒரே வீச்சில் புரண்டதும் இருவரும் சேர்ந்து அடுத்த பாரில் இருப்பார்கள். 'வி.எஸ்.' என்று எழுதியிருந்தால் சட்டென்று திருப்பு என்று பொருள். நீங்கள் உள்ளாளாக இருந்தால், கடைசி இரண்டு பாரை நீங்கள் வாசிக்காமல் விடுவது தப்பில்லை, அதுதான் உங்கள் வேலை.

ஓபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர் ஏ கொடுப்பார், முதல் வயலின் பிரிவின் தலைவரான லீடர் எழுந்து நிற்பார், எல்லோரும் ஸ்ருதி சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் சத்தம் குறைவாக வைத்து, கேட்டுச் சேருங்கள். சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வில்லின் திசையை லீடர் தீர்மானிப்பார். அது மற்றப் பிரின்சிபல்களுக்குப் போய், அங்கிருந்து பின் ஸ்டாண்டுகளுக்கு வரும். முன்னால் இருப்பவர் திரும்பி "டி-க்கு மூன்று பார் முன்னால் அப் போ" என்றால் (நோட்டில் டி என்று குறித்த இடத்துக்கு மூன்று பார் முன்னால் வில் மேல்நோக்கிப் போக வேண்டும் என்று பொருள்), உடனே பென்சிலில் குறித்து, பின்னால் இருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வேறு திசை வசதியாகத் தோன்றினாலும் எழுதியபடியே போங்கள். சந்தேகம் வந்தால் முதலில் ஸ்டாண்டுத் தோழரிடம், பிறகு இடைவேளையில் பிரின்சிபலிடம். பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கி நேரே கண்டக்டரிடம் கேட்பது வழக்கமில்லை. பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள், கண்டக்டரையும்கூட. சார், மேடம் தேவைப்படாது.

பின் ஸ்டாண்டில் உட்காருபவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 15 மீட்டர் தள்ளி இருக்கும் கருவியின் சத்தம் உங்களிடம் வர நொடியில் ஏறக்குறைய இருபத்துமூன்றில் ஒரு பங்கு ஆகும். அதைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு வாசித்தால், முன்வரிசைக்கு உங்கள் வாசிப்பு எப்போதும் பின்தங்கியே கேட்கும். அதனால் தாளத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். நோட்டுக்கு மேலே கண்டக்டரின் கையும் பிரின்சிபலின் வில்லும் ஒரே பார்வையில் விழும்படி ஸ்டாண்டின் உயரத்தை வையுங்கள். எத்தனை பார் ஓய்வு என்பதை விரல் மடக்கியாவது எண்ணுங்கள். பக்கத்தில் இருப்பவர் எண்ணுவார் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தால் எடுப்பு போய்விடும்.

ட்ரம்பெட்டுக்கோ தாளவாத்தியங்களுக்கோ நேர் முன்னால் இடம் கிடைத்தால் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள். காது ஒன்றுதான் மாற்றுக் கிடைக்காத கருவி.

வாரத்தில் மிச்ச நாட்கள்

பக்கம் பக்கமாக முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்க மாணவர்களுக்கு நேரம் இருக்காது. ஒத்திகை முடிந்த இரவே, தடுக்கிய இடங்களைப் பென்சிலால் வளைத்து வையுங்கள். அந்த நாலு நாலு பார்களை மட்டும், உண்மையான வேகத்தில் அறுபது சதவீதத்தில் தொடங்கி, தினமும் இருபது நிமிடம் செய்தால் போதும். ஹாஸ்டல் அறையில் கனமான ப்ராக்டிஸ் ம்யூட் போட்டால் பக்கத்து அறைக்குத் தொந்தரவு இருக்காது. ஆனால் அதையே எப்போதும் போட்டால் வில்லின் அழுத்தம் கெட்டுப்போகும். வாரத்தில் இரண்டு முறையாவது பயிற்சி அறையைப் பதிவு செய்து, ம்யூட் இல்லாமல் வாசியுங்கள்.

எவ்வளவு உழைத்தாலும் கைக்கு எட்டாத வேகம் சில இடங்களில் வரும். அப்போது ஒவ்வொரு அடியின் முதல் ஸ்வரத்தை மட்டும் சரியாக வாசித்து, வில்லை மற்றவர்களோடு ஒரே திசையில் ஓட்டுங்கள். தப்பான ஸ்வரங்களை முழு ஒலியில் வாசிப்பதைவிடப் பிரிவுக்கு அது எவ்வளவோ மேல். அடுத்த வாரம் இரண்டு ஸ்வரம், அதற்கடுத்த வாரம் மூன்று என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

தேர்வோ ப்ராஜெக்ட்டோ குறுக்கே வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வராமலிருப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் காலியாக விட்ட நாற்காலி, ஸ்டாண்டுத் தோழரைத் தனியே திண்டாட விடுகிறது.

கச்சேரியும் அதற்குப் பிறகும்

கச்சேரி அன்று மதியமே முழு ஒத்திகை இருக்கும். அதற்கும் மேடைக்கும் நடுவில் சாப்பிட ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், கையோடு ஏதாவது கொண்டுபோங்கள். உடை பெரும்பாலும் முழுக் கறுப்பு, கை மறையும் நீளத்தில். சாக்ஸும் ஷூவும்கூடக் கறுப்புதான். கறுப்புக் குர்த்தா போடலாமா என்று முன்பே கமிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையை உயர்த்தும்போது தோளில் இறுக்காத சட்டையாக இருக்கட்டும், அதைப் போட்டுக்கொண்டே ஒரு நாள் வாசித்துப் பாருங்கள்.

நீங்கள் வயலின் வாசிப்பது தெரிந்ததும், ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கூப்பிடுவார்கள். லண்டன் போன்ற இடங்களில் இது நிச்சயம் நடக்கும். பிரிட்டன் மாணவர் விசாவில் என்டர்டெய்னராக வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மேடையேறும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சம்பளம் இல்லாத மாணவர் சங்க ஆர்கெஸ்ட்ராவில் சேர்வதற்கு அந்தச் சிக்கல் வராது.

கச்சேரி முடிந்த இரவே நோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள், அதனால் ஸ்டாண்டுத் தோழரும் நீங்களும் ஆளுக்குப் பாதியாகப் பென்சில் குறிகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். அடுத்த டெர்முக்கு என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டால், விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்த நோட்டோடு வரலாம்.